காற்றுக் குமிழியும் கல் இரதமும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

வார்ப்புக் கலை தமிழர்க்குப் புதியதன்று. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகக் குழம்பை ஊற்றிச் சோழர் காலத்தில் செப்புத் திருமேனிகளை வார்த்தனர். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் அக்கலை இன்றும் வாழ்கிறது. நம் கடற்கரையோ கல்லுக்குப் பேர்போனது. மாமல்லபுரத்தின் ஐந்து இரதங்களும் ஏழாம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்தும் செதுக்கியும் உருவாக்கப்பட்டவை. அங்கே எதையும் ஊற்றவில்லை, ஒட்டவுமில்லை.

அந்த இரதங்களுள் ஒன்றின் சிறு மாதிரியை வீட்டிலேயே வார்த்தெடுக்க முடியுமா என்ற கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. என் தந்தையார் மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்தில் கல்லுக்கு மெருகேற்றும் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வகுப்பில் படித்த பாயில் விதியை வீட்டுக் கொட்டகையில் வேலை வாங்கிப் பார்த்ததில் நான் கற்றவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள்

இரதங்களுள் மிகச் சிறியது திரௌபதி இரதம். ஓலை வேய்ந்த குடிசையின் வடிவம் கொண்டது. அடிப்பாகம் ஏறத்தாழ 11 அடிச் சதுரம். உயரம் ஏறத்தாழ 18 அடி. இதை 72இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அடி 4.7 சென்டிமீட்டரும் உயரம் 7.6 சென்டிமீட்டரும் ஆகும். நீளம் 72இல் ஒரு பங்காகும்போது பருமன் 72இன் மும்மடியாகக் குறைகிறது. அதாவது 3,73,248இல் ஒரு பங்கு! பாறையாய் நின்றது உள்ளங்கையில் அடங்குகிறது.

ஆனால் சுருங்கும்போது ஒரு தொல்லையும் வந்து சேர்கிறது. மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள காற்றுக் குமிழி, உண்மை இரதத்தில் 7.2 சென்டிமீட்டர் பள்ளத்திற்குச் சமம். வாயிற்காவலரின் முகத்தில் அத்தகைய பள்ளம் விழுந்தால் முகமே போய்விடும். ஆகவே மாதிரி வார்ப்பில் முதற்பகை காற்றுக் குமிழியே.

குமிழி எங்கிருந்து வருகிறது?

வார்ப்புக்குப் பயன்படுவது ரெசின் எனப்படும் செயற்கைப் பிசின். இரண்டு திரவங்களைக் குறித்த அளவில் கலந்தால் அவை வேதிவினை புரிந்து இறுகிவிடும். கலக்கும்போதே காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஊற்றும்போது அச்சின் மூலைமுடுக்குகளிலும் காற்று தங்கிவிடுகிறது. பிசின் கெட்டியாக இருப்பதால் குமிழிகள் எளிதில் மேலெழும்புவதில்லை. அவை எழும்புமுன் பிசின் இறுகிவிடுகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெற்றிடப் பம்பினால் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவது. மற்றொன்று, அழுத்தத்தைக் கூட்டிக் குமிழியை நசுக்குவது. சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும் பாலியூரித்தேன் பிசினுக்கு வெற்றிட முறையில் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. எனவே அதற்கு அழுத்த முறையே ஏற்றது.

பாயில் மட்டும் போதுமா?

வெப்பநிலை மாறாதிருக்க, வாயுவின் பருமன் அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது இராபர்ட் பாயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. அழுத்தமானி சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ காட்டும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்தால் உள்ளே இருப்பது ஏறத்தாழ 4 வளிமண்டல அழுத்தம். குமிழியின் பருமன் நான்கில் ஒரு பங்காகிறது.

இதைக் கேட்டதும் குமிழியின் அகலமும் நான்கில் ஒரு பங்காகிவிடும் என்று தோன்றும். அப்படியன்று. கோளத்தின் பருமன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. எனவே ஒரு மில்லிமீட்டர் குமிழி 0.63 மில்லிமீட்டராக மட்டுமே குறையும். விட்டம் பாதியாக வேண்டுமானால் 8 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அப்படியானால், 3 கிலோ அழுத்தத்தில் வார்த்த துண்டை அறுத்துப் பார்க்கும்போது கண்ணாடிபோல் குமிழியின்றி இருப்பதெப்படி?

விடை ஹென்றி விதியில் இருக்கிறது. ஒரு திரவத்தில் கரையும் வாயுவின் அளவு, அத்திரவத்தின்மேல் அவ்வாயுவுக்குள்ள அழுத்தத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று வில்லியம் ஹென்றி 1803ஆம் ஆண்டில் காட்டினார். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலியை அமுக்குமுன் நீரில் குமிழியே தெரிவதில்லை, அமுக்கியதும் பொங்குகிறது. அழுத்தத்தால் கரைந்திருந்த கரியமில வாயு, அழுத்தம் போனவுடன் வெளிவருகிறது. நம் பிசினில் இதே நிகழ்ச்சியைத் திருப்பி நடத்துகிறோம். 4 வளிமண்டல அழுத்தத்தில் பிசின் முன்னைப்போல் நான்கு மடங்கு காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும். சுருங்கிய சிறு குமிழிகள் அதில் கரைந்து மறைகின்றன. குமிழி சிறுக்கச் சிறுக்கப் பரப்பு இழுவிசையும் அதை மேலும் நெருக்கிக் கரைய வைக்கிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, பெரிய குமிழிகள் முற்றும் மறையா. ஆகவே கலப்பதிலும் ஊற்றுவதிலும் கவனம் தேவை. இரண்டாவது, பிசின் நன்றாக இறுகும்வரை அழுத்தத்தை இறக்கலாகாது. இறக்கினால் சோடா பொங்கிய கதைதான்.

வேண்டிய கருவிகள்

பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் அழுத்த டேங்க்கே இதற்கு ஏற்ற கலம். 10 லிட்டர் கொள்ளளவு போதும். தயாரிப்பாளர் அதன்மேல் குறித்துள்ள உச்ச அழுத்தம், நாம் ஏற்றப்போகும் அழுத்தத்தைவிடத் தாராளமாக மிகுந்திருக்க வேண்டும். இத்துடன் காற்று ஏற்றும் கம்ப்ரஸர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அழுத்தமானி, காற்றை அடைத்துத் திறக்கும் பால் வால்வு, பாதுகாப்பு வால்வு, ஈரம் பிரிக்கும் வடிகட்டி ஆகியவை வேண்டும். பாதுகாப்பு வால்வு 3.5 கிலோவில் தானே திறந்துகொள்ளுமாறு இருக்கட்டும். திருகு இணைப்புகளுக்கு டெஃப்லான் நாடா சுற்ற வேண்டும். கசிவு பார்க்கப் பஞ்சர் கடைக்காரரின் உத்தியே போதும்: சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் நுரை வரும்.

3 கிலோ என்பது சுமார் 43 பவுண்டு. இருசக்கர வண்டியின் டயரில் ஏற்றும் காற்றைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான் என்று எண்ணிவிடக் கூடாது. கலத்தின் மூடி 25 சென்டிமீட்டர் விட்டமுடையதானால் அதன் பரப்பு ஏறத்தாழ 491 சதுர சென்டிமீட்டர். மூடியைத் தூக்கும் விசை 1,473 கிலோ. அதாவது ஏறத்தாழ ஒன்றரை டன்! ஆறு திருகுகள் இருந்தால் ஒவ்வொன்றும் 245 கிலோவைத் தாங்கி நிற்கிறது. ஒரு திருகைச் சோம்பலால் தளர விட்டால் மற்ற ஐந்தின்மேல் அச்சுமை ஏறும்.

சமையலறைக் குக்கரைப் பயன்படுத்தலாமா என்று நண்பர்கள் கேட்டதுண்டு. கூடவே கூடாது. குக்கர் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தத்திற்காகச் செய்யப்பட்டது. அதன் எடை வால்வை அடைத்து 3 கிலோ ஏற்றுவது வீட்டுக்குள் வெடி வைப்பதற்கு ஒப்பாகும். பிளாஸ்டிக் குழாய்களைக் கொண்டு கலம் செய்வதும் அவ்வாறே.

அடைபட்ட காற்றின் ஆற்றலைக் கணக்கிட்டால் இது விளங்கும். 10 லிட்டர் கலத்தில் 4 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள காற்று, வெப்பநிலை மாறாமல் விரிந்தால் ஏறத்தாழ 2,500 ஜூல் வேலை செய்யும். 25 கிலோ அரிசி மூட்டை 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் ஆற்றல் இதுவே. பழைய கலம் வாங்கினால், அதை வாய்வரை நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதிக்க வேண்டும். நீர் அழுத்தத்தில் சுருங்குவது மிகக் குறைவு. ஆதலின் அதில் சேரும் ஆற்றலும் மிகக் குறைவு. கலம் பிளந்தாலும் நீர் கசியுமே தவிர வெடிக்காது.

அச்சு செய்தல்

முதலில் மூல உரு. அதை நம் கையாலேயே செய்ய வேண்டும். களிமண்ணிலோ பாரிஸ் சாந்திலோ செதுக்கலாம். களிமண்ணில் கந்தகம் கலந்திருக்கக் கூடாது. பிளாட்டினத்தால் இறுகும் சிலிகோன் ரப்பர் கந்தகம் பட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

மூல உருவைப் பெட்டியில் நிறுத்திச் சிலிகோன் ரப்பரை ஒரு மூலையில் நூல்போல் மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். தாரை மெலியும்போது குமிழிகள் இழுபட்டு உடைகின்றன. பின்னர் பெட்டியோடு அழுத்தக் கலத்தில் வைத்து, ரப்பர் இறுகும்வரை 3 கிலோவில் நிறுத்த வேண்டும்.

அச்சையும் ஏன் அழுத்தத்தில் செய்ய வேண்டும்? வெளிக்காற்றில் செய்த ரப்பருக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தங்கியிருக்கும். வார்ப்பின்போது அழுத்தம் ஏறினால் அவை சுருங்கும். ரப்பரின் மேற்பரப்பு அங்கங்கே உட்குழியும். அக்குழியில் பிசின் புகுந்து இறுகினால், வார்ப்பின்மேல் அம்மைக் கொப்புளம்போல் பருக்கள் எழும். வார்க்கும் அதே அழுத்தத்தில் அச்சு இறுகியிருந்தால் இத்தொல்லை இல்லை.

கடற்கரையின் ஈரம்

நூல்களில் படித்த முறை நம் ஊரில் அப்படியே பலிக்காததற்குக் காரணம் ஈரம். பாலியூரித்தேன் பிசினின் ஒரு பாகமான ஐசோசயனேட், நீருடன் சேர்ந்தால் கரியமில வாயுவை வெளிவிடும். பிசின் நுரைத்துவிடும். வெளியிலிருந்து வந்த காற்றை நசுக்கலாம். உள்ளேயே பிறந்துகொண்டிருக்கும் வாயுவை எவ்வளவு நசுக்குவது?

கம்ப்ரஸரும் ஈரத்தைச் சேர்க்கிறது. ஈரப்பதம் 80 விழுக்காடுள்ள காற்றை 4 வளிமண்டல அழுத்தத்திற்கு நெருக்கிப் பழைய வெப்பநிலைக்கே ஆறவிட்டால், அதிலுள்ள நீராவி தெவிட்டு நிலையைப்போல் 3.2 மடங்காகிவிடும். 100 விழுக்காட்டிற்கு மேற்பட்டதெல்லாம் நீராகப் படியும். அதாவது பத்தில் ஏறக்குறைய ஏழு பங்கு. எனவே கம்ப்ரஸரின் அடித்திருகைத் திறந்து நாள்தோறும் நீரை வடிக்க வேண்டும். ஈர வடிகட்டியும் இன்றியமையாதது. பிசின் டப்பாக்களை எடுத்தவுடன் இறுக மூட வேண்டும். மரக்குச்சியில் ஈரம் ஊறியிருக்கும். கலக்குவதற்கு உலோகக் கரண்டியே நலம். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் பாலியூரித்தேனை மூடி வைத்துவிட்டு, மெதுவாக இறுகும் எப்பாக்சிப் பிசினைக் கையாள்வதே அறிவுடைமை.

வார்க்கும் வரிசை

1. அச்சைக் கலத்தில் வைத்து மூடிப் பார்த்து, எல்லாம் பொருந்துகிறதா என்று முன்னரே ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. இரு பாகங்களையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில் அளந்து, அடித்துக் கலக்காமல் ஓரம் வழித்து மெதுவாகக் கலக்க வேண்டும்.

3. அச்சின் நுண்ணிய இடங்களில் முதலில் தூரிகையால் பிசினைத் தடவிவிட்டு, மீதியை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும்.

4. மூடித் திருகுகளை எதிரெதிராக இறுக்கி, காற்றைச் சீராக 3 கிலோ வரை ஏற்ற வேண்டும். திடீரெனத் திறந்தால் காற்று அடித்துப் பிசின் சிந்தும்.

5. பிசின் முற்றும் இறுகிய பின், காற்றை மெல்ல இறக்க வேண்டும். மானி சுழி காட்டிய பிறகே முதல் திருகைத் தொட வேண்டும்.

ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. திறந்த வெளியில், கையுறையும் தக்க சுவாச முகமூடியும் அணிந்தே செய்ய வேண்டும். கல் தூசு நெஞ்சில் படிந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் இருமலோடு வாழும் பெரியவர்களிடம் பார்த்து வளர்ந்தவன் நான். இவ்வெச்சரிக்கையை ஒப்புக்காக எழுதவில்லை.

சிற்பிக்கு இது பகையா?

இக்கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை. ஓர் அச்சு கையில் இருந்தால் ஒரே உருவத்தைப் பலமுறை வார்க்கலாம். உளி பிடித்தவர் பல நாட்களில் செய்வதை அச்சு சில மணியில் செய்துவிடும். மாமல்லபுரக் கற்சிற்பம் 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அவ்வூரில் ஒரு சிற்பியின் பொம்மையை வாங்கிவந்து, அவரைக் கேளாமல் அச்செடுத்து விற்பது என் கருத்தில் திருட்டே ஆகும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களின்மேல் ரப்பர் பூசி அச்செடுக்க முயல்வதும் தகாது. அளவுகளைப் பார்த்து நாமே செதுக்கிக்கொள்வதே முறை.

என் முதல் இரத வார்ப்பைத் தந்தையாரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குமிழி ஒண்ணும் காணோம். ஆனா மூலத்துல கூரை வளைவு சப்பையா இருக்குப்பா. எத்தனை ஊத்துனாலும் அதுதான் வரும்" என்றார். அழுத்தம் குமிழியை நீக்கும்; கைத்திறனைத் தராது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலிலும் நான் படிக்கவில்லை. இப்போது விடுமுறை நாட்களில் அவரிடம் உளி பிடிக்கக் கற்று வருகிறேன்.

முடிவுரை

பார்வையற்றோர் தடவி அறியவும், பள்ளிப் பிள்ளைகள் கையிலேந்திப் பார்க்கவும் இத்தகைய மாதிரிகள் பெரிதும் உதவும். நம் இயற்பியல் துறையிலும் இது நல்லதொரு செய்முறைப் பாடமாகும். ஒரே பிசினை வெளிக்காற்றிலும், 1, 2, 3 கிலோ அழுத்தங்களிலும் வார்த்து, துண்டுகளை அறுத்து, உருப்பெருக்கியின் கீழ் குமிழிகளின் விட்டத்தை அளந்து வரைபடம் போடலாம். பாயில் விதி சொல்லும் கோடு எங்கே விலகுகிறதோ, அங்கே ஹென்றி விதி நுழைகிறது. விருப்பமுள்ள நண்பர்கள் சேர்ந்துகொண்டால், பேராசிரியர்களின் இசைவோடும் மேற்பார்வையோடும் வரும் கோடைக்குள் இச்சோதனையைச் செய்துவிடலாம். மழைக்காலம் மட்டும் வேண்டாம்.