அமிலமும் காரத்தன்மையும்: சித்தூர், திருப்பதி வீடுகளுக்குப் பத்துக் குறிப்புகள்

இது அமில உணவு, அது காரத்தன்மை உணவு என்று பட்டியல் போட்டுப் பயமுறுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு இரத்தத்தில் 7.35 முதல் 7.45 வரை. அதை அந்த வரம்பிலேயே வைத்திருப்பது நுரையீரலும் சிறுநீரகமும். இன்றைய சாப்பாடு அதை அசைத்துவிடாது. ஆனால் வயிற்றெரிச்சல், சிறுநீர், பல் மூன்றும் நம் பழக்கத்தைப் பொறுத்தவை.

1. 'அல்கலைன் வாட்டர்' என்று விற்கும் பாட்டிலுக்குப் பணம் கொட்ட வேண்டாம். குடித்த கையோடு வயிற்று அமிலத்தில் அதன் காரத்தன்மை போய்விடும். சுத்தமான குடிநீரே போதும்.

2. எலுமிச்சை நாக்குக்குத்தான் புளிப்பு. அதிலுள்ள சிட்ரேட் உடம்பில் செரித்தபின் சிறுநீரின் அமிலத்தைக் குறைக்கும்; சிலவகைச் சிறுநீரகக் கற்களைத் தடுக்கவும் உதவும். குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள்.

3. ராகி சங்கடியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இரவில் என்றால் எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டால் எதுக்களிப்பு குறையும்.

4. இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி அரைக்கும்போது காய்ந்த மிளகாயைப் பாதியாக்கி, சீரகமும் கொஞ்சம் புளியும் சேருங்கள். மேலே தாளிக்கும் எண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும். எண்ணெய் கூடினால் உணவு வயிற்றில் அதிக நேரம் தங்கும்.

5. கோங்கூராக் கீரையில், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். முன்பு கல் வந்தவர்கள் கீரையை வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். அதே வேளையில் தயிர் சேர்த்துக்கொண்டால், அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். அடிக்கடி கல் வருகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுவது நல்லது.

6. திருமலைக்கு ஏறும் அலிபிரி பாதையில் 3,550 படிகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் புளியேப்பம் வரும். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். வழியில் தண்ணீரோ உப்பிட்ட மோரோ சிறிது சிறிதாகக் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

7. படியேறி முழங்கால் வலிக்கிறது என்று வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதீர்கள். வயிற்றில் புண் வரக்கூடும்.

8. நெஞ்செரிச்சலுக்குச் சமையல் சோடாவைக் கலக்கிக் குடிப்பதை வழக்கமாக்க வேண்டாம். ஒரு டீஸ்பூனில் 1.2 கிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. நாள் முழுவதற்கும் 2 கிராமுக்குள்தான் சோடியம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தச் சோடா நீரைத் தொடவே கூடாது.

9. இரவில் எரிச்சல் வருகிறவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. உயரக் கட்டைகளை வையுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடிந்து எரிச்சல் கூடும். இடப்பக்கம் திரும்பிப் படுப்பது நல்லது. புகையிலையை விடுவதும் எடை குறைப்பதும் பெரிதும் உதவும்.

10. நெஞ்சு வலியுடன் வியர்வை, இடது கை அல்லது தாடை வலி இருந்தால் அதை வாயு என்று எண்ணி ஓமநீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிக்கு வாந்தியும் வேகமான மூச்சும் அதில் பழவாசனையும் சேர்ந்து வந்தால், அப்போதுதான் உண்மையில் இரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது. அதற்குச் சமையலறையில் மருந்து இல்லை; ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.