ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாச்சு... டம்பெல்லைத் தொடலாமா?

நிமோனியாவில் விழுந்து, பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, ஒருவழியாக வீடு திரும்பிவிட்டீர்கள். காய்ச்சல் இல்லை, பசிக்கவும் செய்கிறது. கண்ணாடி முன்னால் நின்றால்தான் பகீரென்கிறது. வருஷக்கணக்கில் ஜிம்முக்குப் போய் வளர்த்த தோளும் தொடையும் எங்கே? 'நாளைக்கே ஆரம்பிச்சுட வேண்டியதுதான்' என்று டம்பெல்லைத் தேடப் போகிறீர்கள், இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்!

படுக்கை சாதாரண எதிரி இல்லை. 2007-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், ஆரோக்கியமான முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ சதை கரைந்துவிட்டது. சும்மா படுத்ததற்கே இந்தக் கதி என்றால், கிருமியும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்?

ஆனாலும் பயப்படாதீர்கள். ஏற்கெனவே பயிற்சி செய்த உடம்பு, இழந்ததைப் புதியவர்களைவிடச் சீக்கிரமே மீட்டுக்கொள்ளும். சிக்கலே அங்கேதான்! சதை சீக்கிரம் தேறிவிடும். அதை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண் நிதானமாகத்தான் தேறும். 'பலம் வந்துடுச்சே' என்று பழைய எடையைத் தூக்கினால், அடி வாங்குவது நாண்தான்.

இன்னொன்று. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்கள். லீவோஃப்ளாக்சசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் என்று எழுதியிருக்கிறதா? இந்த வகை ஆன்ட்டிபயாடிக்குகள் சிலருக்குத் தசைநாணை, முக்கியமாகக் குதிகாலுக்கு மேலே இருக்கும் நாணை, பலவீனமாக்கலாம். அது அறுந்துபோவதும் உண்டு. 2008-லேயே அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதுபற்றிக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. அறுபதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கும் ஆபத்து அதிகம். மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட வரலாம். மருந்தைக் குறை சொல்லவில்லை; உயிரைக் காப்பாற்றியதே அதுவாக இருக்கலாம். ஆனால் குதிகாலுக்கு மேலே வலியோ வீக்கமோ தெரிந்தால், தைலம் தேய்த்துவிட்டுத் தொடராதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? டாக்டர் பச்சைக்கொடி காட்டியதும், முதல் உபகரணம் நாற்காலி! சிரிக்காதீர்கள். கையை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்கார முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அதுவேதான் உங்கள் பஸ்கி. அது சுலபமான பிறகு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 1 கிலோ, போதும். டம்பெல்லுக்குப் போகும்போதும் பழைய நோட்டைப் பிரிக்காதீர்கள். பன்னிரண்டு, பதினைந்து தடவை தூக்கிய பிறகும் 'இன்னும் ரெண்டு முடியும்' என்று தோன்றுகிற எடைதான் சரி. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். வாய்விட்டு எண்ணுங்கள், எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது. அடக்கினால் ரத்த அழுத்தம் ஒரேயடியாக எகிறும்.

மறுநாள் காலை எழுந்ததும் உடம்பைக் கேளுங்கள். லேசான வலி பரவாயில்லை. அடித்துப் போட்ட மாதிரி அசதி என்றால் பாதியாகக் குறையுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கும். அப்படியானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதம்வரை கடும் பயிற்சி கூடாது.

கடைசியாக, சமையலறைக்கு ஒரு வார்த்தை. "உடம்பு முடியாதவருக்கு ரசம் சாதம் போதும்" என்று மூன்று வாரம் ஓட்டினால் சதை எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. சைவக்காரர்களுக்குச் சுண்டலும் பருப்பும் தயிரும் இருக்கவே இருக்கிறது. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.