சால்டரிங் அயன் முனை பராமரிப்பு

பேட்டரி தெளிப்பானில் ஓர் ஒயர் விட்டுப்போனால், மருந்தடிக்க வேண்டிய நாளில் வேலை நின்றுவிடும், பூச்சி காத்திருக்காது. ஒயரை வீட்டிலேயே சால்டரிங் அயன் கொண்டு பற்றவைக்கலாம். ஆனால் அயனின் முனை கறுத்திருந்தால் சூடு ஒயருக்கு ஏறாது. ஈயம் ஒட்டாமல் உருண்டு விழும்; ஒட்டினாலும், தெளிக்கும்போது ஏற்படும் அசைவில் விட்டுவிடும்.

சூட்டில் முனைமேல் படியும் ஆக்சைடே இக்கறுப்பு. சூடேறிய முனையை, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியின் மேல் தேய்த்து, உடனே ரோசின் உள்ள ஈயக் கம்பியைத் தொட்டுப் பூச வேண்டும். முனை பளபளக்கும் வரை இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்யலாம்.

இரும்புப் பூச்சுள்ள முனையை அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்கக் கூடாது. பூச்சு போனால் உள்ளிருக்கும் செம்பு சிறிது சிறிதாக ஈயத்தில் கரைந்து, முனையில் குழி விழும். பூச்சில்லாத செம்பு முனையை மட்டும் ஆறிய பின் அராவி, சூடேறும்போதே ஈயம் பூசலாம்.

வேலை முடிந்ததும் புதிதாக ஈயம் பூசிய பிறகே அயனை அணைக்க வேண்டும். வேலையின்றிச் சூட்டில் விட்டுவைக்கலாகாது.

பற்றவைக்குமுன் தெளிப்பானைக் கழுவி உலர்த்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஈயம் நஞ்சாகும், ஆகவே காற்றோட்டமான இடத்தில் செய்து, பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம்.