வெப்பமும் ஈரலிப்பும் முட்டைக்கோழிகளைப் பாதிக்கும் வகை

நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலர் முட்டைக்காகச் சில பேடுகளையும் வளர்க்கின்றனர். பேரை வாவியை அடுத்துள்ள கொம்பனித்தெருக் கடைகளுக்கு வரும் முட்டையின் ஓடு மெலிந்தோ வெண்கரு நீர்த்தோ இருந்தால், வாங்குவோர் அதனை விரும்பார். அந்நட்டம் ஈற்றில் வளர்ப்போரையே சாரும்.

காரணம்

முட்டைக்கோழிகளுக்கு உகந்தது ஏறக்குறைய 18 முதல் 24 பாகை செல்சியஸ் வெப்பநிலையாகும். கொழும்பின் சராசரி வெப்பநிலையோ 27 பாகைக்கும் மேற்பட்டது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. ஆதலால் அது வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. காற்றில் ஈரலிப்பு மிகுந்தால் நீர் எளிதில் ஆவியாகாது. கோழி மேலும் வருந்தும்.

மூச்சிரைக்கும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைகின்றது. முட்டையோடு பெரும்பாலும் கல்சியங் காபனேற்றினால் ஆனது. அது உருவாவதற்கு வேண்டிய பொருள் குறைவதாலும், கோழி தீனைக் குறைத்து உண்பதாலும், ஓடு மெலிகின்றது, முட்டையும் சிறுக்கின்றது.

செய்யவேண்டியவை

1. கூட்டைக் கிழக்கு மேற்காக நீளும்படி அமைத்தல் வேண்டும். பக்கங்களில் கம்பிவலை இட்டுக் காற்றோட்டம் அளித்தல் வேண்டும். தகரக் கூரையாயின் அதன்மேல் கிடுகு பரப்புதல் நன்று.

2. கோழி, தான் உண்ணும் தீனின் நிறையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நீர் குடிக்கும். வெப்பகாலத்தில் இன்னும் மிகுதியாகக் குடிக்கும். குளிர்ந்த தூய நீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் வேண்டும்.

3. தீனை அதிகாலையிலும் மாலையிலும் இடுதல் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், நொறுக்கிய சிப்பியை மாலையில் கொடுத்தல் பயன் தரும். பூஞ்சணம் பிடித்த தீனை ஒருபோதும் இடலாகாது.

4. உமிக்கூளம் ஈரமானால் அமோனியா வாயு எழும், முட்டைகளும் அழுக்கடையும். கூளத்தைக் கிளறி, நனைந்த பகுதியை அகற்றுதல் வேண்டும். அதனை நன்கு மட்கச்செய்தால் மரக்கறிப் பாத்திகளுக்குச் சிறந்த பசளையாகும்.

5. ஈரலிப்பு மிகுந்த நாட்களில் கூட்டினுள் நீர் தெளித்தல் தீங்காகும். கூரையின்மேல் தெளிக்கலாம்.

முட்டையைப் பேணல்

முட்டையின் ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. சூட்டில் அவற்றின் வழியே நீரும் காபனீரொட்சைட்டும் விரைந்து வெளியேற, வெண்கரு நீர்க்கின்றது. ஆகவே, நாளொன்றுக்கு மூன்று முறையேனும் முட்டைகளைச் சேகரித்து, குளிர்ந்த நிழலில் அகன்ற முனை மேலிருக்க வைத்தல் வேண்டும். நீரிற் கழுவினால் ஓட்டின் காப்புப்படலம் நீங்கும். விற்பனை முட்டைக்குச் சேவல் வேண்டியதில்லை. கருக்கட்டிய முட்டை சூட்டில் விரைவிற் கெடும்.

நிழல், காற்று, நீர் ஆகிய மூன்றிற்கும் பெருஞ் செலவில்லை. இவற்றைத் தவறாது அளிக்கும் கமக்காரரின் முட்டை, நகரை அடையும்போதும் தரம் குன்றாதிருக்கும்.