ஐந்நூறு இசைத்தட்டுகள் சொல்லும் பாடம்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் ஆலயங்களில் பாடும் பாட்டுக்குக் 'காஸ்பெல்' என்று பெயர். நற்செய்திப் பாட்டு என்பது பொருள். 1960களிலும் 1970களிலும் அந்த ஆலயங்களின் பாடகர் குழுக்கள் வெளியிட்ட இசைத்தட்டுகள் பல, பிற்காலத்தில் மறுபதிப்புகளாக வந்துள்ளன. எங்கோ இருக்கும் அந்தப் பாட்டுக்கும் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதியிலும் வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே என் எண்ணம்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் அந்த மக்கள். ஊரும் மொழியும் பறிபோன பின்பும் பாடும் முறை அவர்களிடம் தங்கியது. ஒருவர் ஓர் அடியை எடுத்துப் பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவது அந்த முறை. 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் ஒடுக்குமுறை ஒழியவில்லை. அந்நாளில் அவர்களுக்குச் சொந்தமாக இருந்த பொது இடங்களில் முதன்மையானது ஆலயம். 1930களில் சிகாகோவில் தாமஸ் டார்சி என்ற பியானோக் கலைஞர், மக்கள் வழக்கிலிருந்த துயரப்பாட்டின் தாளத்தைப் பக்திப் பாட்டோடு சேர்த்தார். 1932-ல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்த துக்கத்தில் அவர் இயற்றிய பாட்டு இன்றும் பாடப்படுகிறது.

இந்தப் பாடும் முறை நமக்குப் புதிதன்று. நடவுப் பாட்டிலும் கும்மியிலும் ஒருத்தி முதலடி எடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். பஜனையில் பாகவதர் ஒரு நாமாவளி சொல்ல, கூடியிருப்போர் வாங்கிப் பாடுகிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயற்றிய கிறிஸ்தவக் கீர்த்தனைகளிலும் சபையார் எல்லோரும் சேர்ந்துகொள்ளப் பல்லவி இருக்கிறது. பல்லவி என்பது கூட்டத்துக்கு உரிய இடம்.

அடுத்து வாத்தியம். 1935-ல் ஹாமண்ட் என்ற நிறுவனம் மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய குழாய் ஆர்கனுக்குச் செலவழிக்க இயலாத ஆலயங்கள் இதை வாங்கின. நம் ஊர்க் கோயிலிலும் பஜனையிலும் ஆர்மோனியம் செய்யும் வேலையை அங்கே இது செய்தது. ஆனால் அங்கு ஆர்கன் வாசிப்பவரின் பொறுப்பு பெரிது. போதகரின் பேச்சு உணர்ச்சியில் ஏறும்போது அவர் ஸ்வரம் கொடுப்பார். பாட்டை நீட்டலாமா, நிறுத்தலாமா என்பதைச் சபையின் முகம் பார்த்து அறிந்து குழுவை நடத்துவார்.

இனி மூன்று இசைத்தட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது 1963-ஐச் சேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பர்மிங்காம் நகரில் ஒரு கறுப்பின ஆலயத்தில் இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் மாண்டனர். நான்கு நாள் கழித்து, நூவார்க் நகர ஆலயம் ஒன்றில், ஜேம்ஸ் கிளீவ்லண்ட் ஏஞ்சலிக் பாடகர் குழுவோடு சேர்ந்து, புயலை இயேசு அமர்த்திய கதையைப் பாடினார். சபையாரின் குரலும் கைத்தட்டலும் சேர்ந்தே பதிவாயின. 'பீஸ் பி ஸ்டில்' என்ற அந்த இசைத்தட்டைக் கேட்பவர், ஒரு மக்கள் கூட்டம் துக்கத்தை எப்படித் தாங்கியது என்பதையும் கேட்கிறார்.

இரண்டாவது, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தது. எட்வின் ஹாக்கின்ஸ் என்ற பியானோ வாசிக்கும் இளைஞர், 1960களின் பிற்பகுதியில் அங்குள்ள வாலிபர் குழுவைக் கொண்டு, தம் ஆலயத்திலேயே ஒரு பதிவு செய்தார். குழுவுக்குப் பணம் திரட்டுவதே நோக்கம். அச்சிட்டவை வெறும் 500 தட்டுகள் என்பார்கள். அதிலிருந்த 'ஓ ஹேப்பி டே' என்ற பாட்டு 18-ஆம் நூற்றாண்டின் பழைய ஞானப்பாட்டு. தாளம் புதிது. வானொலியில் ஒலித்ததும் மக்கள் தேடினர். 1969-ல் ஒரு நிறுவனம் அதை மறுபடி வெளியிட, உலகமெங்கும் பரவியது. 1970-ல் அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது.

மூன்றாவது, அரீத்தா பிராங்க்ளினுடையது. போதகரின் மகளாகப் பிறந்து, 'சோல்' என்னும் ஜனரஞ்சக இசையில் பெரும்புகழ் பெற்ற அவர், 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடினார். கிளீவ்லண்டும் அவருடைய பாடகர் குழுவும் உடன் பாட, கென்னத் லப்பர் ஆர்கன் வாசித்தார். 'அமேசிங் கிரேஸ்' என்ற அந்த ஆல்பம் அவ்வாண்டே வெளிவந்தது. இரண்டு இரவின் முழுப் பதிவும் 1999-ல் மறுபதிப்பாக வந்தது. ஆனால் அப்போது எடுத்த படம் மட்டும் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. காட்சிகளுக்கு அடையாளப் பலகை தட்டாமல் விட்டதால், எந்த ஒலி எந்தக் காட்சிக்கு உரியது என்று சேர்க்க முடியாமற் போனதே அதற்கு முதற்காரணம். கணினியின் துணையால் சேர்த்த பிறகு, 2018-ல்தான் அது திரைக்கு வந்தது.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? பாட்டு அது பாடப்படும் இடத்திலேயே, பாடுகிற கூட்டத்தோடு, குறிப்புடன் பதிவாக வேண்டும்.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். மலையாள வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ்ப் பாட்டுப் புத்தகத்தை வாசிப்பது கடினம். ஆனால் காதால் கேட்ட பாட்டைத் தடுமாறாமல் பாடுகிறார்கள். ஆகவே அவர்களுக்குத் தமிழ் வந்து சேரும் வழிகளில் பாட்டு முக்கியமானது. அந்தப் பாட்டோ, லயத்து வீடுகளிலும் கிராமங்களிலும் வாழும் மூத்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. கொழுந்து கிள்ளும்போது பாடியது, தாலாட்டு, ஒப்பாரி, மாரியம்மன் பாட்டு, கீர்த்தனை எல்லாம் அப்படித்தான். அவர்களோடு அவை போய்விட்டால் மறுபதிப்புச் செய்ய ஏதும் இராது.

இன்று கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. எனவே பெற்றோருக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் என் வேண்டுகோள்கள் இவை. பாட்டியைத் தனியே உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். பல்லவியை வீட்டார் அனைவரும் வாங்கிப் பாடுங்கள். இடையில் வரும் சிரிப்பையும் இருமலையும் நீக்க வேண்டாம். பாட்டு தொடங்குமுன் நாள், ஊர், பாடுபவர் பெயர், யாரிடம் கற்றார் என்பவற்றைப் பிள்ளைகளில் ஒருவர் உரக்கச் சொல்லட்டும். பதிவைப் படி எடுத்து இரண்டு மூன்று இடங்களில் வைத்திருங்கள். வரும் பொங்கல் விழாவில் ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒரு பாட்டைக் கொண்டுவந்தால், நம் சங்கத்துக்கென ஒரு பாட்டுக் களஞ்சியம் அன்றே தொடங்கிவிடும்.