கோளக் கொத்துகளில் எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்கள்

பருவமழை சற்றே ஓய்ந்த டிசம்பர் முற்பகுதி இரவொன்றில், ஏழரை மணியளவில், கீழக்கரைக் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்று பைனாகுலரால் பார்ப்போர்க்கு, மன்னார் வளைகுடாவின் நீர்ப்பரப்புக்கு மேல் ஒன்பது பாகைக்கும் குறைந்த உயரத்தில், பஞ்சுத் துணுக்குப்போல் மங்கலான ஓர் ஒளி புலப்படும். 47 டுக்கானே என்னும் கோள வடிவ விண்மீன் கொத்து அது. ஏறத்தாழ 15,000 ஒளியாண்டுத் தொலைவில் பல இலட்சம் விண்மீன்கள் குழுமிய கூட்டம். தில்லியிலுள்ளோர் தம் ஊரிலிருந்து இதனை என்றும் காணவியலாது. அரபு மாலுமிகள் சுஹைல் என்றும் நம்மவர் அகத்தியம் என்றும் வழங்கும் மீனைப்போல், இதுவும் தென்வானின் உடைமை.

பால்வழி மண்டலத்தில் இத்தகைய கொத்துகள் 150க்கு மேல் உள்ளன. பெரும்பாலானவற்றின் அகவை ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் மிகுதி. இம்முதியோர் அவையில் ஆரவாரம் இராது என்றே எவரும் எண்ணுவர். எக்ஸ் கதிர்களோ வேறு கதை கூறின.

அக்கதிர்களைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், அவற்றைக் காண விண்வெளிக்கே செல்ல வேண்டும். எக்ஸ் கதிர் வானியலுக்கென்றே அமைந்த முதல் செயற்கைக்கோள், 1970 டிசம்பர் 12இல், இதே இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில், கென்யாவை அடுத்த கடல்மேடையிலிருந்து ஏவப்பட்டது. அன்று அந்நாட்டின் விடுதலை நாள். ஆதலின் 'உஹுரு' எனப் பெயரிட்டனர். விடுதலை எனப் பொருள்படும் இச்சுவாஹிலிச் சொல், 'ஹுர்' என்னும் அரபுச் சொல்வழி வந்தது. அக்கோளும் பின்வந்தவையும் காட்டிய உண்மை இது: பால்வழி விண்மீன்களில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கோளக் கொத்துகளில் இல்லை, ஆயினும் நிறை குறைந்த துணையையுடைய எக்ஸ் கதிர் இரட்டைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அங்கேயே உள்ளது.

எக்ஸ் கதிர் இரட்டை என்பது யாது? நியூட்ரான் விண்மீன் போன்ற செறிந்த பொருள் ஒன்று, தன் துணை விண்மீனிலிருந்து வாயுவைக் கவர்கிறது. விழும் வாயு கோடி பாகை அளவுக்குச் சூடேறி எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. வெளியே இத்தகைய இணைகள் பெரும்பாலும் உடன்பிறந்தவை. கொத்துக்குள்ளோ வழியில் சந்தித்தவை! இவ்விளக்கம் 1975இல் முன்வைக்கப்பட்டது. ஊர்ப் பாதையில் எதிர்ப்படாத இருவர் ஏர்வாடிச் சந்தனக்கூடு நெரிசலில் தோளோடு தோள் இடித்துக்கொள்வது இயல்பன்றோ? கொத்தின் மையத்தில் விண்மீன் நெருக்கம் நம் கதிரவனின் சுற்றுப்புறத்தைப்போல் இலட்சக்கணக்கான மடங்கு.

நியூட்ரான் விண்மீன்கள் அந்நெரிசலுக்கு எவ்வாறு வந்து சேர்கின்றன? விடை கூறியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். நிறைமிக்க விண்மீன் ஒன்று சிறு மீன்களின் ஊடே செல்லுங்கால், அவற்றின் ஈர்ப்பால் வேகம் குன்றுகிறது என 1943இல் அவர் நிறுவினார். வேகம் குன்றியது மையம் நோக்கித் தாழ்கிறது. 1930இல், 19 வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலில் அவர் கணித்த வெண்குறுமீன் எல்லையைப் பலரும் அறிவர். இவ்விரண்டாம் ஆய்வை மாணவர் அவ்வளவாக அறியாதது குறையே.

1999 ஜூலை 23இல் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்குகிறது. முன்னைய கருவிகள் 47 டுக்கானேயின் மையத்தில் ஒரு சில புள்ளிகளையே பிரித்தறிந்தன. சந்திராவோ ஏறத்தாழ 300 எக்ஸ் கதிர் மூலங்களைப் பிரித்துக் காட்டியது. அவை யாவும் நியூட்ரான் இரட்டைகள் அல்ல. வெண்குறுமீன் இணைகளும் உள.

தனுசு மண்டலத்திலுள்ள என்.ஜி.சி. 6624 என்னும் கொத்தில் ஓர் இணை, ஒன்றையொன்று சுற்றிவர எடுத்துக்கொள்வது 11 நிமிடங்களே என 1987இல் அறியப்பட்டது. நம் கல்லூரி இடைவேளைக்குள் அவற்றுக்கு ஓர் 'ஆண்டு' கழிந்துவிடும்!

இவ்விணைகள் வேடிக்கைப் பொருள்கள் அல்ல. ஈர்ப்பால் கொத்தின் மையம் குலைந்து உள்வீழாதவாறு, தம்மை நெருங்கும் மீன்களுக்கு ஆற்றலை ஈந்து தாங்கி நிற்பவை இரட்டைகளே. 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற நம் ஆஸ்ட்ரோசாட், எக்ஸ் கதிர்க் கருவிகளோடு புறஊதாத் தொலைநோக்கியையும் சுமந்தது, என்.ஜி.சி. 1851 போன்ற கொத்துகளை அது படமெடுத்துள்ளது. எஸ்.எல்.வி.-3 திட்டத்தை இயக்கிய இராமேசுவரத்து அப்துல் கலாம் அதனைக் காண இல்லை. இரு திங்களுக்கு முன்னரே மறைந்தார். ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகள் இஸ்ரோவின் காப்பகத்தில் ஆய்வாளர்க்குத் திறந்துள்ளன. நம் இயற்பியல் மாணவரும் அவற்றை எடுத்து ஆராயலாம்.