ஒரு காசுக்கும் கணக்கு உண்டு



நமது நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, 2008ஆம் வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி முதல் 1 காசு நாணயம் வெளியிடுவதை நிறுத்திவிட்டது. அன்று தொட்டு, ரொக்கத்துக்கு விற்கும்போது பில்லின் மொத்தத்தைக் கிட்டிய 5 காசுக்குக் கூட்டியோ குறைத்தோ வாங்கி வருகிறோம். மிஷினில் அடிக்கும் பில்லின் அடியில் 'ரவுண்டிங்' என்று ஒரு வரி வருகிறதே, அது இதுதான். சூலியா தெருவிலும் பினாங்குத் தெருவிலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம்மவரில் எத்தனை பேர் அந்த வரியைக் கவனித்துப் படித்திருப்போம்? நாம் பல வருஷம் படித்ததில்லை. படிக்க வைத்தது, 2ஆம் படிவத்தில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

பிள்ளைகளுக்குத் தசமமும், மிகை எண் குறை எண்ணும் 1ஆம் படிவத்தில் வருகின்றன. நிகழ்தகவு 2ஆம் படிவத்தில் வருகிறது. பழகுவதற்காக நமது கடையின் கைப்பில் நகல்களை மகனிடம் கொடுத்திருந்தோம். அவன் ஒன்றை எடுத்து வந்து, "அத்தா, இதிலே 10 காசு கூட வாங்கியிருக்கோம்" என்றான். பத்துக் காசுதானே என்று முதலில் சிரித்தோம். அவன் கணக்கைப் போட்டுக் காட்டியபின் சிரிப்பு வரவில்லை. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நாம் அவனோடு உட்கார்ந்து கற்றதை இங்கே மூன்று பாடமாகத் தருகிறோம்.

முதற் பாடம்: தசமம்

ஒரு வெள்ளிக்கு 100 காசு. ஆகவே 1 காசு என்பது 0.01 வெள்ளி, 5 காசு 0.05 வெள்ளி, 50 காசு 0.50 வெள்ளி. 0.05 என்பதை அவசரத்தில் 0.5 என்று எழுதினால் தொகை பத்து மடங்காகிவிடும். புள்ளிக்குப் பின் வரும் சூனியத்தை அலட்சியம் செய்யலாகாது.

நம் பெரியோர்கள் கடையநல்லூரிலிருந்தும் நாகூரிலிருந்தும் இராமநாதபுரம் சீமையிலிருந்தும் வந்தபோது அணாக் கணக்கோடு வந்தார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. இந்தியாவில் ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற முறை வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதியில்தான். மலாயா டாலருக்கோ அதற்கு முன்பிருந்தே 100 காசு. ஆகவே அக்கரைக்கு வந்தவர்கள், ஊரில் இருந்தவர்களுக்கு முந்தியே தசமத்தில் வியாபாரம் பழகினார்கள். தசம பின்னங்களை முறையாக விளக்கிய நூல்களுள் ஒன்று, சமர்கந்தில் ஜம்ஷீத் அல்-காஷி 1427இல் எழுதி முடித்த மிஃப்தாஹுல் ஹிஸாப் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

ஓர் உதாரணம். கிலோ 12.50 வெள்ளி விலையுள்ள சரக்கில் 0.385 கிலோ நிறுக்கிறோம். 12.50 × 0.385 = 4.8125. இதை இரண்டு தசம ஸ்தானத்தில் 4.81 என்று எழுதுகிறோம். ரொக்கமாய் வாங்குவது 4.80. அந்த 0.01 எங்கே போயிற்று என்பதே அடுத்த பாடம்.

இரண்டாம் பாடம்: மிகையும் குறையும்

வாடிக்கையாளர் 1 காசு குறைத்துக் கொடுத்தால் நமக்கு −1. 1 காசு கூடக் கொடுத்தால் +1. வரவையும் கடனையும் அறிந்த வியாபாரிக்கு இது புதிதல்ல. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய நூலில் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ரிணம், அதாவது கடன் என்றும் சொன்னார். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் வஃபா, எழுத்தர்களுக்கும் வியாபாரிகளுக்கும் என்றே எழுதிய கணக்கு நூலில், மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருவதை இரண்டு கடன் என்று விளக்கினார்.

மொத்தத்தின் கடைசி இலக்கத்தைப் பார்த்து ரவுண்டிங் செய்யும் விதி இது:

0, 5 ஆனால் மாற்றமில்லை.
1, 6 ஆனால் −1.
2, 7 ஆனால் −2.
3, 8 ஆனால் +2.
4, 9 ஆனால் +1.

ஒரு காலையில் ஆறு பில்: 4.37, 12.63, 8.91, 3.20, 6.84, 15.46. வித்தியாசங்கள் முறையே −2, +2, −1, 0, +1, −1. கூட்டினால் −1. பில்களின் மொத்தம் 51.41; கல்லாவில் இருப்பது 51.40. இந்தக் கணக்கு தெரியாத முதலாளி, ஒரு காசு குறைகிறதே என்று கடைப் பையனைக் கோபித்துக்கொள்வார். பையன் மேல் குற்றமில்லை.

மூன்றாம் பாடம்: வாய்ப்பு

கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை பத்தில் எதுவாகவும் இருக்கலாம். பத்தும் சமமாய் வரும் என்று கொண்டால், ஒவ்வொன்றின் வாய்ப்பும் 1/10, அதாவது 0.1. மாற்றமில்லாமல் இருக்க 0.2, வாங்குபவருக்கு அனுகூலமாக 0.4, கடைக்கு அனுகூலமாக 0.4. மூன்றையும் கூட்டினால் 1. மேலே சொன்ன பத்து வித்தியாசங்களையும் கூட்டிப் பாருங்கள்: சூனியம். நாள் செல்லச் செல்ல இருதரப்புக்கும் ஏறக்குறையச் சமமாகிவிடும். விதி நியாயமான விதியே.

ஆனால் பத்து இலக்கங்களும் சமமாய் வந்தால்தான் இது பொருந்தும். எல்லாச் சாமானும் 99 காசில் முடியும் கடையில், ஒன்று வாங்கினால் +1, இரண்டு வாங்கினால் +2, மூன்று வாங்கினால் −2, நான்கு வாங்கினால் −1. பத்துப் பேரில் ஐவர் ஒன்றும், மூவர் இரண்டும், இருவர் மூன்றும் வாங்கினால் +5, +6, −4. ஆக +7 காசு. தராசு கடைப்பக்கம் சாய்ந்துவிட்டது!

நம் கடையில் நடந்தது

நமது தவறோ இதிலும் பெரிது. 1.98 வெள்ளிச் சாமான் ஆறு. 1.98 × 6 = 11.88. மொத்தத்தைத் திருத்தினால் 11.90. கையால் பில் எழுதும்போது, கூட்டுவதற்குச் சுலபம் என்று ஒவ்வொன்றையும் 2.00 ஆக்கி 12.00 வாங்கியிருந்தோம். விதி மொத்தத்துக்கு, நாம் செய்தது சாமானுக்குச் சாமான். 98இல் முடியும் விலையை இப்படித் திருத்தினால் ஒவ்வொரு முறையும் +2தான். அதன் வாய்ப்பு 1, அதாவது நிச்சயம். வாங்குபவருக்குக் குறைவதற்கு இடமே இல்லை.

நாளைக்கு 40 பில்லில் 10 காசு வீதம் என்று வைத்துக்கொண்டால் 4 வெள்ளி. 300 நாளில் 1,200 வெள்ளி. தெரியாமல் செய்தாலும் அது பிறருடைய ஹக்கு அல்லவா? அளவில் குறைப்போரை எச்சரிக்கவே திருக்குர்ஆனில் 83ஆம் சூரா இருக்கிறது. ஜும்ஆ முடிந்ததும் ஓர் ஆலிமிடம் விவரம் சொல்லிக் கேட்டோம். தெரிந்த வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்தோம். தெரியாதவர்கள் பேரில் தர்மம் செய்தோம்.

இப்பொழுது நமது கடையில் மூன்று வழக்கம். விலையை 0 அல்லது 5இல் முடியுமாறு வைக்கிறோம். நிறுத்து விற்பதை மொத்தத்தில் மட்டும் திருத்துகிறோம். அட்டையிலோ கைப்பேசியிலோ செலுத்துவோரிடம் பில்லில் உள்ள சரியான தொகையையே வாங்குகிறோம்.

பயிற்சி

1. 7.42, 9.98, 5.06, 20.33 ஆகிய நான்கு பில்லின் ரவுண்டிங் வித்தியாசம் மொத்தம் என்ன?
2. 2.99 வெள்ளிச் சாமான் மூன்று. வாங்க வேண்டியது எவ்வளவு? சாமானுக்குச் சாமான் திருத்தினால் அதிகம் எவ்வளவு?
3. 4.99 வெள்ளிச் சாமான் ஐந்து. வித்தியாசம் உண்டா?

விடைகள்: (1) −2, +2, −1, +2; ஆக +1 காசு, அதாவது 0.01 வெள்ளி. (2) 8.97, திருத்தினால் 8.95, அதிகம் 5 காசு. (3) 24.95, வித்தியாசம் இல்லை.

சகோதரர்களே, இன்று இரவு கடை அடைத்தபின் பத்து பில்லை எடுத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பாடம் தேறும்; நமக்குக் கணக்குத் தேறும். வல்ல அல்லாஹ் நமது சம்பாத்தியத்தை ஹலாலானதாக ஆக்கி வைப்பானாக, ஆமீன்.